எல்வாவும் அர்ஜுனா நதியும்: மீன் ஏறும் வழி

அமெரிக்காவில் அணையை இடித்தார்கள், சால்மன் மீன் திரும்பி வந்தது என்ற செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது வரும். படித்து முடித்ததும் நம்மூர்க்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு தரப்பு, நாமும் இடித்தால் என்ன என்று கேட்கும். இன்னொரு தரப்பு, அவன் பணக்காரன் இடிப்பான், நமக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று முடித்துவிடும். இரண்டு பேச்சுமே மீனை விட்டுவிடுகின்றன. அந்த மீன் எங்கிருந்து எங்கே போகிறது, எதற்காகப் போகிறது, நடுவில் எது மறிக்கிறது என்று கேட்டால்தான் ஒப்பிடுவதில் பொருள் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றையும், வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் அர்ஜுனா நதியையும் அந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எல்வா சிறிய ஆறுதான். நீளம் சுமார் 72 கிலோமீட்டர். ஒலிம்பிக் மலையின் பனியிலும் மழையிலும் பிறந்து ஆண்டு முழுக்க ஓடி, வடக்கே கடலில் விழுகிறது. பசிபிக் சால்மன் அத்தனை இனமும் ஏறிய ஆறு அது. கடலில் வளர்ந்த மீன் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, கூழாங்கல்லைப் பறித்துக் குழி செய்து முட்டையிட்டுச் செத்துப்போகும். அணைக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் மீன்கள் ஏறியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி எல்வா அணையைக் கட்டினார்கள். 1912இல் அதன் அடித்தளம் பிய்த்துக்கொண்டு போக, ஒட்டுப்போட்டு 1913இல் முடித்தார்கள். மேலே 1927இல் கிளைன்ஸ் கேன்யன் அணை வந்தது. கீழணை 108 அடி, மேலணை 210 அடி. அணை கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. வழி விடுவதற்குப் பதிலாகக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றைக் கட்டிச் சட்டத்தைத் தாண்டினார்கள். பொரிப்பகத்தையும் 1922இல் கைவிட்டுவிட்டார்கள். சட்டத்தைச் சுற்றிப்போகும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இங்கே விட்டுவிடலாம்.

ஆற்றோரம் வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர்கள். 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்வா ஆற்றை மீட்கச் சட்டம் இயற்றியது. இடிப்பு 2011 செப்டம்பரில் தொடங்கி, கீழணை 2012இலும் மேலணை 2014 ஆகஸ்டிலும் முடிந்தன. சட்டத்துக்கும் கடப்பாரைக்கும் நடுவில் பத்தொன்பது ஆண்டு. மொத்தச் செலவு சுமார் 32.5 கோடி டாலர். ஆற்றுநீரை நம்பியிருந்த ஊருக்கும் ஆலைக்கும் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிக்கொடுத்ததும் இதில் அடக்கம்.

இனி நம் ஆறு. சதுரகிரிப் பக்கத்து மலைச்சரிவில் இறங்கும் ஓடைகள் சேர்ந்து அர்ஜுனா நதியாகின்றன. மேலே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பெரியாறு அணையின் உயரம் 47.56 அடி, கோவிலாறு 42.65 அடி. 2025இல் பக்கத்துக் கூமாபட்டியைப் பற்றிய ஒரு ரீல் ஊரெல்லாம் ஓடியபோது வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்க்க நினைத்தது இந்தப் பிளவக்கல் அணையைத்தான். அதற்குக் கீழே வத்திராயிருப்புச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள், நெல்வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. ஆறு இன்னும் கீழே போனால் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம், பிறகு கோல்வார்பட்டி, அதன்பின் மாரியம்மன் கோயில் இருக்கும் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடும் இடத்தில் இன்னொரு நீர்த்தேக்கம். அதையும் தாண்டித்தான் மன்னார் வளைகுடா.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அர்ஜுனா நதியின் நிலை எல்வாவைவிட மோசம். அங்கே இரண்டு தடுப்பு. இங்கே கடலுக்கும் மலைக்கும் நடுவில் வரிசையாக நான்கு. உயரத்தில் நம்முடையவை எதுவும் கிளைன்ஸ் கேன்யனுக்கு அருகில் வராது. ஆனால் மீனுக்கு முப்பதடிச் சுவரும் ஒன்றுதான், இருநூறு அடிச் சுவரும் ஒன்றுதான்.

இருந்தும் இங்கே இடிப்பைப் பற்றிப் பேசுவது வீண் என்பதே என் கட்சி. எல்வா அணைகள் காகித ஆலைக்கு மின்சாரம் தந்தவை. மின்சாரத்தை வேறிடத்திலிருந்து கம்பி வழியே கொண்டுவரலாம், கொண்டுவந்தார்கள். பிளவக்கல் தேக்குவது வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் மட்டும் இறங்கும் தண்ணீரை. அது இல்லாவிட்டால் மார்கழிக்குப் பின் கண்மாயில் நீர் இருக்காது, கிணற்றில் ஊற்று இருக்காது. அணையில் தண்ணீர் திறக்கும் நாளைப் பார்த்துத்தான் வ. புதுப்பட்டிக்காரர் நாற்றுப் பாவுகிறார். எல்வாவை இடித்தவர்கள் யாருடைய வயலையும் காயப்போடவில்லை. இந்த ஒரு வேறுபாடு போதும், அந்தத் தீர்வை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு.

இதைவிட ஆழமான வேறுபாடு மீனிடம் இருக்கிறது.

சால்மனின் வாழ்க்கை ஆற்றின் நீளவாக்கில் நடக்கிறது. கடலிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கடலுக்கு. நம் ஊர் மீன்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் பயணம் செய்பவை. முதல் மழை வெள்ளம் ஓடையில் வந்து, கண்மாய் நிறைந்து, கலுங்கில் மறுகால் பாயும்போது கெண்டை எதிர்த்து ஏறும். வரத்துக்காலில் ஏறும், மடை வழியே வயலுக்குள் நுழையும், கரையோரப் புல் மூழ்கிய முழங்கால் தண்ணீரில் முட்டையிடும். விரால் கோரைக்குள் இடம் ஒதுக்கிக் குஞ்சுகளைச் செங்கூட்டமாகக் காவல் காக்கும். அயிரைக்கு மணல் தரையும் மெல்ல ஓடும் தெளிந்த நீரும் வேண்டும். குறவை ஈரத்தரையிலேயே நெளிந்து அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். இவற்றுக்குக் கடல் தேவையில்லை. ஓடை, கண்மாய், வயல் மூன்றும் ஆண்டுக்குச் சில வாரமாவது ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டால் போதும்.

அந்தத் தொடர்பைத்தான் நாம் அறுத்துவைத்திருக்கிறோம், அணை கட்டி அறுத்ததைவிடச் சத்தமில்லாமல். பழைய கலுங்குகள் பலவற்றில் கீழ்ப்பக்கம் கல்பாவி, படிப்படியாக இறங்கும். தண்ணீர் வழியும்போது மீன் தாவித்தாவி ஏற ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது மராமத்து என்றால் நேர்ச்சுவர்க் கான்கிரீட், கீழே வழவழப்பான தளம். நீர் மெல்லிய தகடாய் வழுக்கி விழுகிறது. மீன் அடியில் நின்று மோதுகிறது. அங்கே வலையை விரித்து நிற்பவருக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. முட்டை சுமந்த மீன் ஒரே இடத்தில் குவிந்து கிடைத்தால் வலைக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குவியும்படி கட்டியவர் வேறு. வரத்துக்கால் பாடு இன்னும் மோசம். சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கும், அல்லது யாராவது தோப்போடு சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளச் சமவெளி மீனுக்கு என்ன செய்கிறது என்பதைச் சால்மன்காரர்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள். ஆற்றின் தடையை எடுத்தால் மட்டும் போதாது, குஞ்சு வளர ஆற்றுக்குப் பக்கத்தில் தேங்குநீர் வேண்டும் என்று தெரிந்தது. நேராக வெட்டி வைத்திருந்த ஆற்றுக்குள் மரங்களை வேரோடு கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் அதில் மோதித் திரும்பிப் பக்கக்கால்களில் பரவியது. எல்வாவின் கீழ்ப்பகுதியில் கிளாலம் மக்கள் அணை இடிப்பதற்கு முன்பே இப்படி மரக்குவியல்களை அமைத்தார்கள். ஆற்றில் கிடக்கும் மரத்தை அடைப்பு என்று எடுத்தெறிந்த பொறியாளர்களின் ஊரில், காசு கொடுத்து மரம் போடும் காலம் வந்தது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு முயற்சி எல்வாவில் நடந்ததல்ல, கலிபோர்னியாவில் நடந்தது. சாக்ரமென்டோ அருகே யோலோ பைபாஸ் என்று ஒரு வெள்ளவடிகால் சமவெளி உண்டு. கோடையில் அங்கே நெல் விளைகிறது. 2012 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்களும், கலிபோர்னியா ட்ரவுட் என்ற அமைப்பும், நெல் விவசாயிகளும் சேர்ந்து, அறுவடை முடிந்த வயலில் குளிர்காலத்தில் தண்ணீர் கட்டி, சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். தாள் அழுகி, அதில் நுண்ணுயிர் பெருகி, அதைத் தின்னும் பூச்சிகள் பெருகி, குஞ்சுகள் ஆற்றில் வளர்வதைவிடப் பன்மடங்கு வேகமாகக் கொழுத்தன. வ. புதுப்பட்டி வயல்காரருக்கு இது புதுச்சேதி இல்லை. மடை வழியே ஏறிய கெண்டையும் குறவையும் நெல்வயலில் திரிந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆய்வுத்திட்டமாக மீட்டெடுப்பது இங்கே பூச்சிமருந்துக்கு முன்பு சாதாரண நடைமுறை. நமக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் இழந்ததை அளந்து மீட்கிறார்கள், நாம் இருந்ததை அளக்காமலே இழந்துகொண்டிருக்கிறோம்.

மண்ணின் கதையிலும் இரண்டு ஆறுகளும் ஓரிடத்தில் தொட்டு, உடனே பிரிகின்றன. எல்வா அணைகளுக்குப் பின்னால் சுமார் 2.1 கோடி கனமீட்டர் வண்டலும் கூழாங்கல்லும் சேர்ந்து கிடந்தன. கீழே ஆறு வெறும் பெருங்கல் தரையாகி, சால்மன் குழி பறிக்கக் கல் இல்லாமல் போயிருந்தது. இடித்ததும் அந்த மண்ணில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் கீழே இறங்கியது. கலங்கல் நீரில் மீன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் கழிமுகத்தில் புதிதாய் மணல் கரை எழுந்தது. வறண்ட ஏரித்தரையில் லட்சக்கணக்கான நாட்டுச் செடிகளை நட்டார்கள். நம் அணைகளும் மணலைப் பிடித்துவைக்கின்றன. கீழே ஆற்றில் மிச்சமிருந்த மணலை லாரி அள்ளிப்போயிற்று. கண்மாயில் குடிமராமத்து என்று வண்டல் எடுக்கிறோம். அது வேண்டியதுதான், வண்டல் வயலுக்கு உரம். ஆனால் பொக்லைன் இறங்கினால் கரையோரத்து ஆழமில்லாத பகுதி, கோரை, தாமரைக்கொடி எல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, கண்மாய் பெட்டி போல ஆகிறது. கொள்ளளவு கூடுகிறது, மீன் முட்டையிடும் இடம் போய்விடுகிறது. ஒரு மூலையைத் தொடாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் நெருடலாக இருப்பது குஞ்சு விடும் விவகாரம். எல்வாவில் இடிப்போடு சேர்த்துப் பொரிப்பகத்துக் குஞ்சுகளையும் ஆற்றில் விட்டார்கள். காட்டு மீனின் வம்சம் கெட்டுவிடும் என்று சில இயற்கை அமைப்புகள் வழக்கே போட்டன. அந்த வாதம் எவ்வளவு சரியோ தெரியாது, ஆனால் ஆறு தானாகச் செய்து காட்டியது ஒன்று உண்டு. மேலணைக்கு மேலே நூறாண்டு அடைபட்டுக் கிடந்த வானவில் ட்ரவுட் மீன்களுக்குக் கடலே தெரியாது. வழி திறந்ததும் அவற்றின் வழித்தோன்றல்கள் கடலுக்குப் போய், ஸ்டீல்ஹெட் என்ற பெயரில் பெரிய மீனாகத் திரும்பின. கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட் யாரும் குஞ்சு விடாமலே மீண்டது. அதே வானவில் ட்ரவுட்டை 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்ற ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து நம் மலை ஓடைகளில் விட்டார். வெள்ளைக்காரத் துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்கு. அங்கே அடைபட்ட தங்கள் மீனுக்கு வழி திறந்தார்கள், இங்கே அயல் மீனுக்கு ஓடையைக் கொடுத்தோம்.

கண்மாயிலும் அதே கதைதான். இப்போது கண்மாய் மீன் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வட இந்தியப் பேராறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இடாது. 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி ஊசி போட்டுக் கெண்டையினத்தை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன்பின் குஞ்சு பையில் அடைத்து லாரியில் வரத் தொடங்கியது. கண்மாயை ஏலம் எடுப்பவர் குஞ்சு விடுகிறார், வளர்க்கிறார், பிடிக்கிறார். அவருக்கு ஓடையிலிருந்து ஏறிவரும் மீன் தேவையே இல்லை. குஞ்சைத் தின்னும் விரால் அவருக்கு எதிரி. கூடவே 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபி, வளர்க்கத் தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரண்டும் நிறைந்த கண்மாய்களில் நாட்டுமீன் ஒதுங்கிப்போகிறது. மீன் உற்பத்தி கூடியிருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்மாய்க்கு ஆறு தேவைப்படாமல் போனபோது வரத்துக்காலைக் கவனிக்கவும் ஆளில்லாமல் போயிற்று. கண்மாயில் நீர் வற்றியபின் ஊரே இறங்கி ஊத்தாவும் கச்சாவுமாக அள்ளும் மீன்பிடித் திருவிழாவில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது இந்த லாரி மீன்களே.

சால்மனைப் போலக் கடலையும் ஆற்றையும் இணைத்து வாழ்ந்தவை நம்மிடம் இல்லாமலில்லை. காவிரியில் உல்லம் ஏறியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த ஏற்றம் நலிந்தது. வாழ்க்கைமுறையில் சால்மனுக்கு நம் ஆறுகளில் மிக நெருங்கியது அதுவே. விலாங்கின் கதை தலைகீழ். கடலாழத்தில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றுக்குள் வந்து, குளம் கண்மாய்களில் பல ஆண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பி மடியும். ஈரமான சுவரில் ஊர்ந்து ஏறக்கூடியது என்பதால் மற்ற மீன்களுக்கு அடைபடும் வழி அதற்குக் கொஞ்சம் திறந்திருக்கும். என்றாலும் இருக்கன்குடி, கோல்வார்பட்டி, ஆனைக்குட்டம், பிளவக்கல் என்று வரிசையாகச் சுவர்களும், நடுவில் மாதக்கணக்கில் காய்ந்த மணலும் இருந்தால் எந்த விலாங்குக்கும் அது கடினப் பயணம்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். எல்வாவில் ஓர் ஆற்றை அதன் போக்கில் விட்டார்கள். வைப்பாற்றுக்கோ வேறு ஆற்றின் தண்ணீரைக் கேட்கிறோம். பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து 634 மில்லியன் கனமீட்டர் நீரைக் கிழக்கே திருப்பும் இணைப்புத் திட்டம் 1995 முதல் சாத்தியக்கூறு அறிக்கையாகக் கிடக்கிறது. கேரளம் மறுக்கிறது. வறண்ட மாவட்டத்துக்காரன் என்ற முறையில் அந்தத் தண்ணீர் வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் மழைக்காலத்தில் முட்டையிட ஏறும் மீனைப் பிடிப்பதை 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் தடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீரைக் கேட்கும் நாம் அந்த வழக்கத்தையும் கேட்டு வாங்கினால் செலவில்லை.

எல்வாவில் 2011இல் மீன்பிடிக்கு முழுத்தடை போட்டார்கள். பல தலைமுறையாக மீனுக்காகப் போராடிய கிளாலம் மக்களும் வலையை மடித்து வைத்தார்கள். 2023இல்தான் சடங்குக்கும் உணவுக்கும் கோஹோ சால்மனைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. எல்லா இனமும் மீண்டுவிடவில்லை. சினூக் சால்மன் எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் கீழணை போன அதே ஆண்டில் சினூக் மீன் அதைத் தாண்டி மேலே ஏறியது. பன்னிரண்டு ஆண்டு யாரும் பிடிக்காமல் காத்திருந்தது, அணையை இடித்ததைவிடக் கடினமான வேலை என்று எனக்குப் படுகிறது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நாமும் கைக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டு வேண்டாம், மறுகால் பாயத் தொடங்கும் முதல் பத்து நாள் போதும்.

என் தீர்ப்பு இது. எல்வாவில் செய்தது எல்வாவுக்குச் சரி. அர்ஜுனா நதிக்கு வேண்டியது அணையிடிப்பு இல்லை. வரத்துக்காலைத் திறப்பது, கலுங்கைச் சரிவாக்குவது, கண்மாயின் ஒரு மூலையைக் கோரையோடு விட்டுவைப்பது, கோடையில் ஆற்றில் வற்றாமல் நிற்கும் மடுக்களில் மோட்டார் போடாமல் இருப்பது. மலைக்காட்டை மேலே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 முதல் காக்கிறது. கீழே ஊர்க்காரர்களின் பொறுப்பு. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்பது எல்லாவற்றிலும் எளிது. வ. புதுப்பட்டியிலோ வத்திராயிருப்பிலோ உங்கள் கண்மாய்க் கலுங்கை அடுத்த முறை மராமத்துப் பார்க்க வரும்போது, ஒரு ஓரத்தில் நான்கடி அகலத்துக்கு மட்டும் கல்பாவிச் சரிவு விட்டுக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.